கடமை முடிந்த பின் கைத்துவக்கு எதற்கு?

(கமக்காரர்களும் உத்தியோகத்தர்களும் திரளாகக் கூடியிருந்த பொதுக்கூட்டம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்துக்கு வரும் வழியில், வயல் வரம்பில் நின்ற பெரியவர் ஒருவர் என்னை மறித்தார். "தம்பி, பன்றி கலைக்கிற துவக்குக்கு வருசா வருசம் கச்சேரிக்கு அலையிறன். பொலிசுக்காரர் வேலை முடிஞ்சு உடுப்பைக் கழட்டின பிறகும் இடுப்பில துவக்கை வைச்சுக்கொண்டு திரியலாமோ? சட்டம் என்ன சொல்லுது?" என்று கேட்டார். நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த பேச்சை அங்கேயே மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பெரியவரின் கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய என் கடமை எனக் கருதுகின்றேன்.

சட்டம் கூறுவது என்ன?

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி குடிமகன் ஒருவன் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் ஆகாது. அந்த அனுமதியையும் அவன் ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். இதை நான் குறை கூறவில்லை. கொல்லும் கருவியைக் கையில் வைத்திருப்பவன் அதற்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

பொலிசாரைப் பற்றிய சட்டம் இதனிலும் பழையது. 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 56 ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் அச்சட்டத்தின் நோக்கங்கள் யாவற்றுக்கும் எப்பொழுதும் கடமையில் உள்ளவராகவே கருதப்படுவார் எனக் கூறுகின்றது. இந்தியாவுக்கென 1861 இல் இயற்றப்பட்ட பொலிஸ் சட்டத்தின் 22 ஆம் பிரிவிலும் இதே கருத்து உண்டு. இரண்டும் பிரித்தானியர் விட்டுச் சென்ற சொத்து.

"எப்பொழுதும் கடமை" என்ற இந்த வாசகத்தை நன்கு கவனியுங்கள். குற்றத்தைத் தடுப்பதும் அமைதியைக் காப்பதும் பொலிஸ்காரரின் ஓயாத கடமை என்பதே அதன் பொருள். துவக்கு எப்பொழுதும் அவர் கையில் இருக்க வேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. கடமைக்குச் செல்லும்போது பதிவேட்டில் ஒப்பமிட்டு ஆயுதத்தைப் பெறுவதும், கடமை முடிந்ததும் அதைத் திரும்ப ஒப்படைப்பதும் நிலையங்களின் ஒழுங்கு. கடமை மனிதனைச் சேர்ந்தது. துவக்கு அரசைச் சேர்ந்தது. இந்த வேற்றுமை அழிந்தால் விளைவு என்னவாகும் என்பதை அறிய அமெரிக்காவைப் பார்ப்போம்.

அமெரிக்கா காட்டும் பாடம்

ஐக்கிய அமெரிக்காவில் 2004 ஆம் ஆண்டு மத்திய சட்டமொன்று நிறைவேறியது. பொலிஸ் உத்தியோகத்தர், கடமையில் இல்லாதபோதும், எந்த மாநிலத்துக்குச் சென்றாலும், துவக்கை மறைத்து வைத்துக்கொண்டு திரியலாம் என்பது அதன் சாரம். மறைத்து வைத்தலைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களிற் பெரும்பாலானவை அவரைக் கட்டுப்படுத்தா. ஓய்வு பெற்றோருக்கும் இச்சலுகை உண்டு. அதற்கு முதலில் 15 ஆண்டுச் சேவை வேண்டப்பட்டது. 2010 இல் அது 10 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அடையாள அட்டை வேண்டும், சுடும் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும், மது மயக்கத்தில் இருத்தல் ஆகாது என்னும் நிபந்தனைகளும் உள. ஏட்டிலே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றது.

நாட்டிலே நடந்தது என்ன? 2018 செப்டம்பர் 6 ஆம் நாள் இரவு, டல்லஸ் நகரில், பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் நீண்ட கடமையை முடித்துக்கொண்டு சீருடையுடன் வீடு திரும்பினார். மூன்றாம் மாடியில் உள்ள தம் வீட்டுக்குச் செல்வதாக எண்ணி, நான்காம் மாடியில் அதற்கு நேர்மேலே உள்ள வீட்டினுள் நுழைந்தார். அங்கே இருந்தவர் அவ்வீட்டுக்கு உரியவர், சென் லூசியாத் தீவிலிருந்து வந்த 26 வயதுக் கறுப்பின இளைஞர், கணக்காளர். அவரைக் கள்வன் என்று எண்ணிய உத்தியோகத்தர் தம் கடமைத் துவக்கால் சுட்டார். தன் சொந்த வீட்டிலேயே அந்த இளைஞர் மடிந்தார்!

2019 இல் யூரிமார் அவரைக் கொலைக் குற்றவாளியெனத் தீர்த்தனர்; 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நீதி நிலைநாட்டப்பட்டது என்றே நீங்கள் எண்ணுவீர்கள். ஆனால், இறந்தவரின் குடும்பத்தார் நட்டஈடு கோரித் தொடுத்த வழக்கைப் பாருங்கள். 2024 நவம்பரில் 9 கோடி 80 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை அவர்களுக்குத் தீர்க்கப்பட்டது. யார் கொடுக்க வேண்டும்? அப்போது சிறையில் இருந்த அந்தத் தனி மனிதர்! டல்லஸ் நகரம் 2019 இலேயே அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டது. துவக்கைக் கொடுத்தது பொலிஸ் பிரிவு. சீருடையைக் கொடுத்ததும் அதுவே. பழியும் கடனும் மட்டும் தனியாளுக்கு!

துவக்கு வைத்திருந்த பொலிஸ்காரருக்காவது அது காப்பாயிற்றா? 2009 மே 28 ஆம் நாள், நியூயோர்க் நகரின் கிழக்கு ஹார்லத்தில், கடமை முடிந்து வெளியே வந்த 25 வயதுக் கறுப்பினப் பொலிஸ் இளைஞர் ஒருவர், தம் காரை உடைத்தவனைத் துவக்கும் கையுமாகத் துரத்தினார். அவ்வழியே வந்த சக பொலிசார் அவரைத் தம்மவரென்று அறியாது சுட்டுக் கொன்றனர். இதனை ஆராய நியூயோர்க் ஆளுநர் அமைத்த குழு 2010 இல் அறிக்கை வெளியிட்டது. கடமைக்கு வெளியே இருந்தபோது இவ்வாறு ஆள்மாறிச் சக பொலிசாரால் 1982 முதல் கொல்லப்பட்ட 10 பேரில் 9 பேர் வெள்ளையரல்லாதோர் என்று அது எடுத்துக் காட்டியது. சீருடை இல்லாத இடத்தில் துவக்கு ஏந்தியவனின் நிறமே அவனுக்கு அடையாளமாகின்றது. சிறுபான்மை இனத்தவராகிய நாம் இதனை இருமுறை படிக்க வேண்டும்.

நல்லூரை மறக்கலாமா?

அமெரிக்காவை விடுங்கள். 2017 யூலை 22 ஆம் நாள் நல்லூரில் நடந்ததை யார் மறப்பர்? மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியன் அவர்களின் மெய்க்காவலர், பயிற்சி பெற்ற சார்ஜன்ட், முழுக் கடமையில் நின்றவர். அவரிடமிருந்த கைத்துவக்கையே ஒருவன் பறித்து அவரைச் சுட்டான். அந்தச் சிங்களச் சகோதரரின் உயிர் பிரிந்தது. யாழ்ப்பாணம் அவருக்காகக் கண்ணீர் வடித்தது. விழிப்போடு காவல் நின்றவரின் துவக்கே பறிபோகுமாயின், கலியாண வீட்டிலும் சந்தையிலும் பஸ் வண்டியிலும் விழிப்பின்றி இருப்பவரின் துவக்கு எம்மாத்திரம்?

பொலிசாருக்கும் பகைவர் உண்டு. அவர்களும் உயிருக்கு அஞ்சி வாழ்பவர்களே என்று ஒருவர் கூறலாம். உண்மை. மெய்யான அச்சுறுத்தல் உள்ளவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. விலக்கு விலக்காகவே இருக்கட்டும்; விதியாக மாறவேண்டாம் என்பதே என் வாதம்.

ஒன்றைச் சொல்லுங்கள்!

இனி, வழக்கறிஞன் என்ற முறையில் அரசை ஒன்று கேட்கின்றேன். பொலிஸ்காரர் எப்பொழுதும் கடமையில் உள்ளவர் என்பது உங்கள் சட்டம். அப்படியாயின், விடுமுறை நாளில் அவர் துவக்கை நீட்டினாலும் அது அரசின் செயலே. அரசே பதில் சொல்ல வேண்டும். "அது அவருடைய சொந்தச் சண்டை, அப்பொழுது அவர் கடமையில் இல்லை" என்று சொல்வீர்களாயின், கடமையில் இல்லாதவர் கையில் அரசின் துவக்கு எதற்கு? துவக்கை எடுக்கும்போது கடமை, கூண்டில் ஏறும்போது ஓய்வா? கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பது சட்டத்தில் செல்லாது!

ஆகவே நான்கு காரியங்களை நாம் கோருவோம். கடமை முடிந்ததும் ஆயுதம் நிலையத்துக்குத் திரும்பிப் பதிவேட்டில் ஏற வேண்டும். விசேட அச்சுறுத்தல் உள்ளவருக்கு மட்டும், காரணமும் காலமும் குறித்து, எழுத்து மூலம் அனுமதி வழங்கப்பட வேண்டும். கடமைக்கு வெளியே வெடிக்கும் ஒவ்வொரு வேட்டையும் அந்நிலையத்தைச் சேராதவர்களே விசாரிக்க வேண்டும். நட்டஈட்டுப் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு சொல். அநீதி நேர்ந்தால் அழுதுவிட்டு இருந்துவிடாதீர்கள். நாள், நேரம், இடம், கண்டோர் பெயர் யாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றை நாட ஒரு மாதமே தவணை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். பயிர் காக்கத் தவணை தவறாது நீர் பாய்ச்சுகின்ற நீங்கள், உரிமை காக்கவும் தவணை தவறலாகாது.

வரம்பில் நின்ற அந்தப் பெரியவருக்கு என் விடை இதுதான்: "ஐயா, உங்கள் துவக்குக்குக் கணக்குக் கேட்கும் அரசு, தன் துவக்குக்கும் உங்களிடம் கணக்குக் காட்டவேண்டும்." அதைக் கேட்டுப் பெறும் வரை நாம் ஓயலாகாது.