ஒலிபெருக்கி இல்லாத காலத்துக் குரல்



ஐரோப்பாவில் ஓபரா என்றோர் இசை நாடகம் உண்டு. அதில் கதையைப் பாட்டாகவே நடத்துவார்கள். வாத்தியங்கள் எல்லாம் முழங்கும்போது, அவற்றுக்கு மேலே குரலை எழுப்பிக் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாடுபவளே அங்கே கதாநாயகி. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் அப்படிப்பட்ட பாடகிகள் பெரும்புகழ் பெற்றார்கள். நம்மவரில் அப்படி யாரும் உண்டா என்றால், உண்டு. அவர்தான் கொடுமுடி சுந்தராம்பாள்.

குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் வயதான பாட்டிமாரைக் கேட்டால், "ஔவையார் படத்தில் வந்தவர்தானே?" என்பார்கள். அவரேதான். ஆனால் அந்தப் படம் வந்தது 1953இல். அதற்கு வெகுகாலம் முன்பே மேடையை ஆண்ட இளம்பெண்ணைப் பற்றியே நாம் இன்று பேசப்போகிறோம்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். தந்தை சிறு வயதிலேயே காலமானார். கே. பி. என்பதில் 'பி' தாயார் பாலாம்பாளின் பெயர். வீட்டில் வறுமை. ரயில் வண்டியில் பாடிக் கிடைத்த காசுதான் சோறு. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வழியாகவே நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக அவரை மேடையேற்றினார்கள். அந்தப் பசியை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்திராது!

அந்நாளைய நாடகத்தை இன்றைய பிள்ளைகள் நினைத்துப் பார்ப்பது கடினம். கீற்றுக் கொட்டகை, விளக்கு, ஓரத்தில் ஆர்மோனியம். ஒலிபெருக்கி கிடையாது. வள்ளி திருமணம் போன்ற சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் இரவெல்லாம் நடக்கும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டாலேயே வாதம் செய்வார்கள். குரல் உடைந்தால் பிழைப்பும் உடைந்தது. உயர்ந்த சுருதியில், சொல் சிதையாமல் பாடினார் சுந்தராம்பாள். பின்னாளில் ஒலிவாங்கி வந்து எத்தனையோ மென்குரல்களுக்கு வாழ்வு கொடுத்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை என்பதே எங்கள் கருத்து.

1926இல் கொழும்பில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். கிட்டப்பாவும் உச்ச சுருதியில் பாடுபவர். இருவரும் போட்டியிட்டுப் பாடுவதைக் கேட்கக் கூட்டம் திரண்டது. மறு ஆண்டு அவர்கள் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி இருந்தார். அந்த வாழ்வு நிம்மதியாக அமையவில்லை, பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அப்போது அவருக்கு 27 வயது, சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைச் சேலை உடுத்தி, நகைகளைக் களைந்து, வீட்டோடு ஒதுங்கினார் சுந்தராம்பாள். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். அன்றைய ஊர் வழக்கம் அவ்வளவோடு அவர் வாழ்வை முடித்திருக்கும். அவர் முடிக்கவில்லை. ஆண் வேடத்தில் நந்தனாராக மேடைக்குத் திரும்பினார். அதையே சினிமாவாக எடுக்க அசன்தாஸ் என்பவர் வந்தார். மறுக்க மனமில்லாமல், ஆள் ஓடிவிடட்டும் என்றே ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர் சரி என்றுவிட்டார்! ரூபாயை அணாவாக எண்ணிச் செலவழித்த காலம் அது. 1935இல் படம் வந்தது. கல்கி அதைக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். ஆனால் ரயிலில் பாடிய பெண்ணின் குரலுக்கு இன்ன விலை என்று நாடே அறிந்துகொண்டது.

பிறகு காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951இல் சென்னை மேலவை உறுப்பினரானார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக நடித்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். வசனம் மு. கருணாநிதி. தெய்வத்தைக் கேள்வி கேட்பதுபோல் அமைந்த ஒரு பாட்டு வரியைப் பாட மாட்டேன் என்றார் சுந்தராம்பாள். முருக பக்தர் அவர். வரியைத்தான் மாற்றினார்கள், அவரை மாற்றவில்லை. 1980இல் அவர் மறையும்வரை அந்த வெள்ளைச் சேலையும் மாறவில்லை.