காக்காய் வலிப்பும் பன்றிப் புழுவும்



நாடாப்புழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாப்பிட்ட கையோடு வந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

நம் ஊரில் ஒருவனுக்குக் காக்காய் வலிப்பு வந்தால் என்ன செய்கிறோம்? கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். அடிக்கடி வந்தால் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம். பெரும்பாலும் வலிப்பு இரண்டொரு நிமிஷத்தில் தானாகவே நின்றுபோகிற சங்கதி. நின்ற பெருமை மட்டும் சாவிக்குப் போய்ச் சேருகிறது!

நம் வேலூர் ஜில்லாவில் வலிப்புக்காரர்களைத் தேடிப் பிடித்து, ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்து 2006-ம் வருஷத்தில் கணக்கு வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலிப்பின் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுக் குஞ்சு என்பதாகத் தெரிந்தது. பேய் ஒரு படத்திலாவது விழவில்லை.

அது மூளைக்கு எப்படிப் போயிற்று? சரியாய் வேகாத பன்றிக் கறியில் ஜவ்வரிசி போன்ற குஞ்சுகள் இருந்தால், தின்றவன் குடலில் அது எட்டடி, பத்தடிப் புழுவாய் வளரும். அவ்வளவுதான், அவனுக்குப் பெரும்பாலும் வயிற்று உபத்திரவத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அதன் துண்டுகள் மலத்தோடு விழுகின்றன. ஒரு துண்டில் 50,000 முட்டை வரை இருக்கும். வெளியில் மேயும் பன்றி அதைத் தின்றால் முட்டை பொரிந்து, இரத்தத்தில் கலந்து, சதையில் போய்த் தங்குகிறது. அதே முட்டை அழுக்குக் கையாலோ, கழுவாத கீரையாலோ நம் வயிற்றுக்குள் போனால் நம் சதையிலும், கண்ணிலும், மூளையிலும் போய்த் தங்குகிறது. இவன் மனிதன், இது பன்றி என்று பேதம் பார்க்க அந்த முட்டைக்குத் தெரியாது.

ஆகவே பன்றியைத் திட்டிப் பயனில்லை. பன்றிக்கு இந்த வியாதியைக் கொடுத்தவனே மனிதன்தான்.

“நாங்கள் மாமிசமே தொடாதவர்கள், எங்களுக்கென்ன?” என்று சிலர் கேட்பார்கள். நியூயார்க் பட்டணத்தில் பன்றியை மதமே விலக்கிவைத்த யூதர்கள் நாலு பேருக்கு மூளையில் இந்தக் குஞ்சு இருந்ததை 1992-ல் வெளியிட்டார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்களின் குடலில் இருந்த புழுவிலிருந்தே அது வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதற்காக வேலைக்காரியின் மேல் பாய வேண்டாம். வயிற்றில் புழு இருப்பது அவளுக்கே தெரியாது. மருந்து வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துபோகிற காரியம்.

இந்த வலிப்பினால் எத்தனை பெண்களின் வாழ்வு பாழாயிற்று! சட்டமே அதற்குத் துணை நின்றது. இந்து கலியாணச் சட்டத்தில் 1976-ல் வலிப்புள்ளவர்களை மணத்துக்கு ஆகாதவர்களென்று சேர்த்தார்கள். அதை எடுக்க 1999 வரை ஆயிற்று.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கறியை உள்ளே சிவப்பில்லாமல் வேகவையுங்கள். கக்கூசு கட்டி உபயோகியுங்கள்; பன்றியை அவிழ்த்துவிடாதீர்கள். போய்வந்த பின்பும், சமைக்குமுன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரு எச்சரிக்கை: வலிப்புள்ளவர்கள் பூச்சி மாத்திரையைத் தாங்களாகவே வாங்கி விழுங்கக்கூடாது. மூளையிலுள்ள குஞ்சு சாகும்போது வீக்கம் கண்டு ஆபத்தாகலாம். முதலில் டாக்டர் படம் பார்த்துச் சொல்லட்டும். வலிப்புக்குக் கொடுத்த மருந்தை நடுவில் நிறுத்தவும் கூடாது.

இனி யாராவது வலித்து விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.