கணக்குப் பார்ப்பது மட்டும் பகுத்தறிவாகுமா?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கம்பெனிகளும் அவை நம் வாழ்க்கையை நடத்தும் விதமும் என்பதாகும். இதை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பழமைப் பிரியர்கள் நம்மைப் பார்த்து, "பகுத்தறிவு, பகுத்தறிவு என்று கூவுகிறீர்களே! மேல்நாட்டான் அந்தப் பகுத்தறிவைக் கொண்டுதானே எல்லாவற்றையும் அளந்தான், எண்ணினான், கடைசியில் மனிதனையே இயந்திரமாக்கினான்? அதைவிடப் பழைய வழக்கமே மேலல்லவா?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நாம் நழுவிவிடக் கூடாது.

முதலில் மேல்நாட்டில் நடந்தது என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் டெய்லர் என்று ஓர் இஞ்சினீயர் இருந்தார். பெத்லகேம் என்ற ஊரின் எஃகு ஆலையில் 1899-ல் ஓர் ஆள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் தூக்கி வண்டியில் ஏற்றுவது வழக்கம். டெய்லர் என்ன செய்தார்? எப்பொழுது தூக்குவது, எப்பொழுது நடப்பது, எப்பொழுது உட்காருவது என்பதையெல்லாம் அளந்து, பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்ல, அதே ஆளை 47 டன்னுக்கு மேல் ஏற்றவைத்ததாக 1911-ல் வெளியான தமது புத்தகத்தில் எழுதினார். சரி, கூலி என்ன ஆயிற்று? 1 டாலர் 15 சென்ட் கூலி 1 டாலர் 85 சென்ட் ஆயிற்று. வேலை ஏறக்குறைய நாலு பங்கு. கூலியோ இரண்டு பங்குகூட இல்லை. பள்ளிக்கூடம் போகாதவனும் போடக்கூடிய கணக்கு இது!

அது மாத்திரமா? இந்த வேலைக்கு ஏற்றவன் மாட்டைப் போன்ற புத்தியுள்ளவனாய் இருக்க வேண்டும் என்ற கருத்தையும் அவர் எழுதினார். யோசிப்பது மேலே இருப்பவர்கள் வேலையாம். சுமப்பது கீழே இருப்பவர்கள் வேலையாம். தோழர்களே! இதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று நமக்குச் சொல்லி வந்த கதையைத்தான் அவர்கள் கடிகாரம் வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

அடுத்தது போர்டு கம்பெனி. 1913-ல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில், ஆள் மோட்டாரிடம் போவதற்குப் பதில் மோட்டார் ஆளிடம் நகர்ந்து வரும்படி செய்தார்கள். ஒருவன் ஒரு திருகாணியை மட்டும் திருக வேண்டும். நாள் முழுதும் அதே வேலை. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைக் கூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது போய், மறு வருஷத்திலேயே சுமார் ஒன்றரை மணியாயிற்று. 1908-ல் 850 டாலர் விலையுள்ள வண்டி 1920-களின் மத்தியில் 300 டாலருக்கும் குறைந்தது. பணக்காரன் மட்டும் ஏறின வண்டியில் குடியானவனும் ஏறினான். இது நன்மைதான், இல்லையென்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்தை உடை, மாட்டு வண்டிக்குத் திரும்பு என்று சொல்லுகிறவர்கள் நாமல்ல.

ஆனால் அந்த வேலையில் மனிதன் நிலைக்கவில்லை. 1913-ல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேர்வரை புதிதாக எடுக்க வேண்டியிருந்ததாம். ஆகவே 1914 ஜனவரியில், ஒன்பது மணி வேலையை எட்டு மணியாக்கி, நாளைக்கு 5 டாலர் தருவதாக அறிவித்தார்கள். உலகமே புகழ்ந்தது. அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதிதான் கூலி. மீதி லாபப் பங்கு. அதைப் பெறுவதற்கு ஒருவன் யோக்கியன்தானா என்று பார்க்க ஓர் இலாகாவையே ஏற்படுத்தினார்கள். அதன் ஆட்கள் தொழிலாளி வீட்டுக்கே வந்தார்கள். வீடு சுத்தமா, குடிக்கிறானா, பணம் சேர்க்கிறானா, மனைவியோடு ஒழுங்காய் வாழ்கிறானா, வீட்டில் அந்நியருக்கு இடம் கொடுத்திருக்கிறானா என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். பெண் தொழிலாளரை முதலில் இந்தத் திட்டத்தில் சேர்க்கவேயில்லை.

குடியை விடுவதும் வீட்டைச் சுத்தமாய் வைப்பதும் நல்லவைதானே என்பீர்கள். நல்லவைதான். ஆனால், ஒருவன் தன் அறிவால் நல்லவனாயிருப்பது வேறு; கூலி போய்விடுமே என்று பயந்து நல்லவனாயிருப்பது வேறு. நரகத்துக்குப் பயந்து நடப்பதை ஒழுக்கம் என்று ஒப்புக்கொள்ளாத நாம், கம்பெனிக்குப் பயந்து நடப்பதை மட்டும் ஒழுக்கம் என்று ஒப்புக்கொள்வோமா?

இனி, இந்தக் கம்பெனி என்பது யார்? அதைக் கண்ணால் கண்டவர் உண்டா? கட்டடத்தைக் காணலாம், மானேஜரைக் காணலாம், கம்பெனியைக் காண முடியாது. ஆனாலும் சட்டத்தில் அது ஓர் ஆள்! லண்டனில் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரி தம் வியாபாரத்தை ஒரு கம்பெனியாக்கினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. மீதி ஆறும் மனைவி மக்களுடையது. கம்பெனி முறிந்தது. கடன்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். 1896-ல் பிரபுக்கள் சபை என்ன தீர்ப்புச் சொல்லிற்று? சாலமன் வேறு ஆள், கம்பெனி வேறு ஆள், கம்பெனியின் கடனுக்குச் சாலமன் பொறுப்பல்ல என்று சொல்லிற்று. நம் தேசத்திலோ சாமியும் சட்டப்படி ஓர் ஆள். கல்கத்தாவிலிருந்து போன விக்கிரக வழக்கொன்றில் 1925-ல் பிரிவி கவுன்சில் அப்படியே சொல்லியிருக்கிறது. ஆகவே சாமிக்கும் சொத்துண்டு, கம்பெனிக்கும் சொத்துண்டு. சாமியும் பேசாது, கம்பெனியும் பேசாது. பேசுகிறவர்கள் பூசாரியும் மானேஜரும்தான். "நான் என்ன செய்வேன், சாமி உத்தரவு" என்கிறார் அவர். "நான் என்ன செய்வேன், கம்பெனி உத்தரவு" என்கிறார் இவர்!

அந்த உத்தரவு எதன் பேரில் பிறக்கிறது? 1919-ல் மிச்சிகன் உயர்தலைக் கோர்ட்டு இதை விளக்கிற்று. குவிந்த லாபத்தைப் பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுக்காமல், விலையைக் குறைப்பதிலும் தொழிற்சாலையைப் பெருக்குவதிலும் போடப்போவதாகப் போர்டு சொன்னார். பங்குக்காரரான டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். வியாபாரக் கம்பெனி முதன்மையாகப் பங்குக்காரரின் லாபத்துக்காகவே ஏற்பட்டது என்று சொல்லி, 1 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் பங்குலாபம் கொடுக்கும்படி கோர்ட்டு தீர்ப்பளித்தது. முதலாளி தர்மவானா, பாவியா என்பதல்ல கேள்வி. தர்மவானாக இருந்தாலும் ஏற்பாடு அவரை விடாது.

இந்த ஏற்பாடு தூரதேசத்தோடு நிற்கவில்லை. அதே போர்டு கம்பெனி சென்னைக்கு அருகே மறைமலைநகரில் கார் செய்து வந்தது. பத்தாண்டு நஷ்டக் கணக்கைக் காட்டி 2021 செப்டம்பரில் நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திற்று. கணக்கு பிசகென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையை நம்பிக் கல்யாணம் செய்தவன், வீட்டுக்குக் கடன் வாங்கினவன், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவன் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் இருந்தான்? செலவுப் பத்தியில் மட்டும்தானே!

ஆகவே பழமைப் பிரியருக்கு நமது பதில் இதுதான். கம்பெனிகளிடம் இருப்பது பகுத்தறிவில் பாதி. "எவ்வளவு? எத்தனை நிமிஷம்? என்ன செலவு?" என்று அது கேட்கும். "எதற்காக? யாருக்காக?" என்ற கேள்வி வந்தவுடன் வாயை மூடிக்கொள்ளும். பழைய வழக்கமோ எந்தக் கேள்வியையும் கேட்க விடாது. பாதி அறிவினால் வந்த கேட்டுக்கு முழு அறிவுதான் மருந்தே தவிர, அறிவில்லாமை மருந்தாகாது.

முழு அறிவு எப்படி வரும்? கூடி யோசிப்பதால் வரும். முதல் போட்டவர்கள் ஒன்றுகூடிக் கம்பெனியானார்கள். உழைப்பைப் போட்டவன் மட்டும் தனியாய் நிற்பானேன்? பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் 1936 டிசம்பர் கடைசியில் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 44 நாள் கழித்து 1937 பிப்ரவரியில் கம்பெனி அவர்கள் சங்கத்தை ஒப்புக்கொண்டது. சங்கமே கூடாதென்று பிடிவாதம் பிடித்த போர்டு கம்பெனியும் 1941-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பிரார்த்தனையால் அல்ல, தோழர்களே! மாட்டுப் புத்தி என்று சொல்லப்பட்டவர்கள் யோசிக்க ஆரம்பித்ததால்.

இன்று டெய்லரின் கடிகாரம் கைபேசிக்குள் புகுந்துவிட்டது. சோறு கொண்டுவந்து தரும் பையன் எங்கே நிற்கிறான், எத்தனை நிமிஷம் தாமதித்தான் என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது. எண்ணட்டும். எண்ணுகிற விதி என்ன, அதைப் போட்டவர் யார், மிச்சமான நிமிஷம் யாருக்குப் போயிற்று என்று நாமும் கேட்போம். வேலைக்குப் போகிற பிள்ளைகள் கையெழுத்துப் போடும் காகிதத்தை முதலில் படியுங்கள். புரியாவிட்டால் இந்த வாசகசாலைக்குக் கொண்டுவாருங்கள். பத்துப்பேர் சேர்ந்து படிப்போம். சாமியைக் கேள்வி கேட்கத் துணிந்த நாம் கம்பெனியைக் கேட்கப் பயப்படுவது சுயமரியாதைக்கு அழகல்ல என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.