பணம் வாங்குவதற்குப் பின் எண் எதற்கு?

கைப்பேசி வழியாகப் பணம் அனுப்ப இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று கையில் இருப்பது, மற்றொன்று மனத்தில் இருப்பது. என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016இல் கொண்டுவந்த யூ.பி.ஐ. முறை இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. செயலியை முதன்முறை திறக்கும்போது, அந்தக் கைப்பேசியில் இருக்கும் சிம் கார்டிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகவே போகிறது. அதை வைத்துத்தான் இந்த எண், இந்தக் கருவி, இந்தக் கணக்கு என்ற முடிச்சு விழுகிறது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் பின் எண்ணை அழுத்தினால்தான் பணம் நகரும். ஆகவே, பின் எண் மட்டும் தெரிந்த ஒருவரால் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிறர் பணத்தை எடுத்துவிட முடியாது.

இது திருடர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் பூட்டை உடைக்க அவர்கள் மெனக்கெடுவதில்லை. சொந்தக்காரரின் கையாலேயே அதைத் திறக்க வைக்கிறார்கள்.

பழைய கட்டிலை விற்பதற்கு ஒருவர் இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவதாகச் சொல்பவர் பேரமே பேசாமல் ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்கிறார். போட்டதும் பணம் போய்விடுகிறது. யூ.பி.ஐ. பின் எண் பணம் வெளியே போவதற்கான கையெழுத்து. பணம் வருவதற்கு அந்த எண் தேவையே இல்லை. மளிகைக் கடைக்காரர் நாள் முழுக்கப் பணம் வாங்குகிறார். ஒரு முறைகூடப் பின் எண்ணைத் தொடுவதில்லை. ஒருவர் மற்றொருவருக்குப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இப்படிப்பட்ட ஏமாற்றுக்கு வெகுவாகப் பயன்பட்டது. தனிநபர்களுக்கிடையே இருந்த அந்த வசதியை 2025 அக்டோபர் முதல் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. கியூ.ஆர். வழி ஏமாற்று மட்டும் தொடர்கிறது.

ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் கையெழுத்துதான். அது வரும் குறுஞ்செய்தியிலேயே எவ்வளவு தொகை, யாருக்கு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரியைப் படிக்காமல் விடுவதே பலரின் வழக்கம். எந்த வங்கி ஊழியருக்கும் வாடிக்கையாளரின் ஓ.டி.பி. தேவைப்படாது. அதைக் கேட்பவர் வங்கிக்காரர் அல்ல. அழைப்பவருக்குப் பெயர், ஊர், கார்டின் கடைசி நான்கு எண்கள் தெரிந்திருக்கலாம். அவையெல்லாம் எங்கெங்கோ கசிந்து விலைக்குக் கிடைக்கும் விவரங்கள். அவற்றைச் சரியாகச் சொல்வது எந்த அடையாளத்துக்கும் சான்று ஆகாது.

அடுத்த வழி, கைப்பேசியையே வசப்படுத்துவது. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கிக் கணக்கு முடக்கம் என்று ஏதாவது பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு வருகிறது. அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், குறுஞ்செய்திகளை எல்லாம் அது வேறிடத்துக்கு அனுப்பத் தொடங்கும். ஓ.டி.பி. யாரும் கேட்காமலே போய்ச் சேரும். திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலிகளும் இப்படித்தான் பயன்படுகின்றன. கைப்பேசி காரணமில்லாமல் மணிக்கணக்கில் சிக்னல் இழந்து கிடந்தால், அதே எண்ணில் வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கலாம் என்ற சந்தேகமும் எழ வேண்டும்.

பயமுறுத்திப் பறிப்பது தனி வகை. காவல்துறை உடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று மணிக்கணக்கில் கேமரா முன் உட்கார வைக்கிறார்கள். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. ஓய்வூதியப் பணம் மொத்தத்தையும் இப்படி அனுப்பிவிட்டவர்களில் படித்தவர்களும் உயர்பதவியில் இருந்தவர்களும் உண்டு. ஆக, இது அறியாமை சார்ந்த விஷயம் அல்ல. அச்சத்தில் யோசிக்க நேரம் கொடுக்காத வேலை.

போலி இணையதளங்களைப் பிரித்தறிய இப்போது ஓர் அடையாளம் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி இந்திய வங்கிகள் தங்கள் முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற்ற வேண்டும். இதற்கான கெடு 2025 அக்டோபர் 31 அன்று முடிந்தது. வங்கி அல்லாதவர்களுக்கு அந்த முடிவு கிடைக்காது. முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படம் அப்படியல்ல. போகும் வழியில் தகவலை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அது உறுதி. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது.

விவரங்கள் கசியும் இடங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய ஆதார், அச்சடித்த பிறகும் அந்தக் கடையின் கணினியிலேயே கிடக்கிறது. முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். பல இடங்களுக்கு அதுவே போதும். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அந்தத் தளத்தில் உண்டு. ஏ.டி.எம். கார்டின் உறையிலேயே பின் எண்ணை எழுதி வைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யூ.பி.ஐ.க்கு என்று சிறு தொகை கொண்ட தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, சேமிப்பை அதிலிருந்து விலக்கி வைப்பது எளிய காப்பு. அப்படிச் செய்தால் தவறு நேர்ந்தாலும் இழப்புக்கு ஓர் எல்லை இருக்கும்.

பணம் போய்விட்டால் நேரம்தான் முக்கியம். திருடப்பட்ட பணம் பல வாடகைக் கணக்குகளைச் சில மணி நேரத்தில் தாண்டிவிடும். வழியில் எங்காவது நிற்கும்போதே முடக்கினால்தான் மீளும். அதற்கான தேசிய உதவி எண் 1930. வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளில் இதற்கொரு கணக்கு இருக்கிறது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. தவறு இருவருடையதும் அல்லாமல் இடையில் எங்கோ நடந்திருந்தால், வங்கியின் செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு முழுத் தொகையும் திரும்பும். நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் ஆனால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை ஏற்க நேரும். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஆனால் பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ தானே சொல்லிவிட்டவர், புகார் கொடுக்கும் நேரம் வரை போன தொகை முழுவதையும் தானே சுமக்க வேண்டும். புகாருக்குப் பிறகு போவது மட்டும் வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் இழப்பது இந்த இடத்தில்தான்.

வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் கடமை வங்கியைச் சேர்ந்தது. புகாரைப் பதிவு செய்தவுடன் தரப்படும் எண்ணும் தேதியும் நேரமும்தான் மேலே சொன்ன நாள் கணக்குக்கு ஆதாரம் என்பதால், அவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது நாட்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.