அணைக்கரையில் ஒரு பாசறை

(சிங்காரப்பேட்டையில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஊர் இளைஞர்களைச் சாத்தனூர் அணைக்கு அழைத்துச் சென்று இரண்டு நாள் பாசறை நடத்தலாமா என்று சென்ற வாரம் சிலர் என்னைக் கேட்டனர். அருகிலிருந்த முதியவர் ஒருவர், "களையெடுக்க ஆள் கிடைக்காத நாளில் காட்டுக்குப் போய் என்ன வேடிக்கை?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே இங்கு நிற்கிறேன்.

சாத்தனூர் அணை நமக்கு அயலார் சொத்தன்று. நம் பாம்பாறு தென்பெண்ணையில் கலக்கிறது. அந்நீரே அங்குத் தேங்குகிறது. சென்னகேசவ மலைகளுக்கிடையே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. நம் நிலத்தில் பெய்த மழை எவர் வயலை விளைவிக்கிறது என்பதை ஏட்டில் படிப்பது வேறு, நேரில் காண்பது வேறு. உழவன் மகன் அதைக் கண்டு வருவது வீண்பொழுதாகாது.

ஆனால் பாசறைக்கு ஒழுங்கு வேண்டும். கல்லூரி நாளில் நானும் நண்பர்களும் ஓர் ஆற்று மணலில் கூடாரம் அடித்தோம். ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் கரையிலிருந்த புதரைக் காட்டினார். அதன் கிளைகளில் ஆள் உயரத்தில் சருகும் செத்தையும் சிக்கியிருந்தன. "தண்ணீர் வந்து போன உயரம் அது, தம்பி" என்றார். வெட்கத்துடன் மேட்டுக்கு ஏறினோம். அன்றிரவே வெள்ளம் எங்கள் அடுப்புக் கற்களைப் புரட்டிச் சென்றது. எங்கள் பட்டப் படிப்பு காணாததை அப்பெரியவரின் கண் கண்டது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறியது. இருளில் வரும் அத்தகைய நீருக்குக் கூடாரம் எம்மாத்திரம்?

ஆகவே சில விதிகளைக் கூறுகிறேன். முதலாவது, அனுமதி. அணை அதிகாரிகளிடமும் வனத்துறையிடமும் முன்கூட்டியே இசைவு பெறுங்கள். அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்டனர். கோடையில் ஒரு பீடித் துண்டும் மலையை எரிக்கும்.

இரண்டாவது, இடம். அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் தங்கலாகாது. நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. எவரும் குளிக்க இறங்கலாகாது.

மூன்றாவது, பொறுப்பு. பத்து இளைஞர்க்கு ஒரு பெரியவர் உடன் செல்லட்டும். செல்வோர் பெயர்ப் பட்டியல் ஒன்று ஊரில் இருக்கட்டும். மாலையில் எண்ணிப் பார்த்த பிறகே உணவு பரிமாறுங்கள்.

நான்காவது, தூய்மை. கொண்டுசென்ற காகிதமும் நெகிழிப் பையும் உங்களுடனேயே ஊர் திரும்ப வேண்டும். நாம் எறிவது கீழேயுள்ள உழவனின் வாய்க்காலை அடையும்.

இவற்றைக் கடைப்பிடிப்பதாக ஊர் உறுதி கூறினால், அனுமதி விண்ணப்பத்தை எழுத நானே உதவுகிறேன். கேள்வி கேட்ட அப்பெரியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கரையைப் பார்த்தே வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லும் கண் அவரைப் போன்றோரிடமே இருக்கிறது. அதனை நம் பிள்ளைகள் கற்றுத் திரும்பட்டும்.