பழைய டிராக்டருக்கு ஏற்ற காயில்

1947 முதல் 1952 வரை தயாரிக்கப்பட்டு, அமெரிக்கப் பண்ணைகளில் இன்றும் சிரத்தையுடன் பேணப்படும் ஃபோர்டு 8என் டிராக்டர், ஆதியில் 6 வோல்ட் பாட்டரியோடு வந்தது. கடுங்குளிரிலும் எளிதில் கிளம்பவேண்டும் என்ற உத்தேசத்துடன் அதை 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறவர்கள், இக்னிஷன் காயிலை மறந்துவிட்டால் அனர்த்தமே விளையும்.

ஒரு காயிலின் தடை 1.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம்: 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயும் அதே காயிலில், 12 வோல்ட்டைக் கொடுத்தால் 8 ஆம்பியர் பாய்ந்து, காயில் சூடேற, டிஸ்டிரிப்யூட்டரின் பாயிண்டுகள் கருகிவிடும். ஆகவே, 3 ஓம் தடையுள்ள காயிலைத் தேர்வதோ, பழைய காயிலுக்கு முன்னால் 1.5 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைப்பதோ உசிதம். காயிலின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், மீட்டரால் அளந்து பார்ப்பது அவசியம்.

பழைய யந்திரத்துக்குப் பலம் கூட்டுகிறவன், அந்தப் பலத்தைத் தாங்கும் மார்க்கத்தையும் செய்து கொடுப்பதே தர்மம்.