சொல்லும் உணர்ச்சியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பிறரைத் தம் கருத்துக்கு இசைவித்தற்பொருட்டு எழுதுவோரும் பேசுவோரும் கேட்போரின் உணர்ச்சியைத் தூண்டலாமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். கூடாது என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவார் சிலர். அறிவுக்கு மாத்திரமே முறையிட வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆயின், பசியால் வாடும் பிள்ளைகளுக்காகப் பேச வந்தவன் அரிசியின் விலைப்பட்டியலை வாசித்துவிட்டு மேடையினின்றும் இறங்கினால், அவன் முழு உண்மையையும் சொன்னவன் ஆவானா? பாதியைச் சொன்னான் என்போம். பிள்ளையின் பசியும் உண்மையின் ஒரு கூறுதானே.

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் பேச்சுக்கலை பற்றிய தமது நூலின் தொடக்கத்திலே, நீதி வழங்குவோனின் கோபத்தையும் பொறாமையையும் இரக்கத்தையும் கிளறிவிடுதல், அளப்பதற்கு முன்னரே அளவுகோலை வளைத்து வைப்பதை ஒக்கும் என்று கடிந்தார். அதே நூலின் இரண்டாம் பகுதியிலோ, கோபம் எங்ஙனம் பிறக்கும், அச்சம் எங்ஙனம் பிறக்கும், இரக்கம் யார்மீது தோன்றும் என்று அவரே விரிவாக ஆராய்ந்தார். நெருப்பின் குணத்தை அறிய விரும்புபவன் வீட்டைக் கொளுத்த விரும்புகின்றான் என்பதன்று பொருள். எமது தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடு கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு காரணத்தாற் பிறக்கும் என வகுத்தார். அச்சத்துக்கு அவர் காட்டும் நான்கனுள் கள்வரும் ஒன்று. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம், பின்னர்த் தேவைப்படும்.

மிஷன் பாடசாலைகளிற் கற்ற எம்மிற் பலர்க்குச் சேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’ நாடகத்தில் அன்ரனி நிகழ்த்தும் இரங்கலுரை மனப்பாடம். பேச்சுப் போட்டிகளிலே சீசரின் மேலாடைக்குப் பதிலாக மேசைவிரிப்பைத் தூக்கிப் பிடித்த வீரரும் எம்மிடையே இருக்கின்றனர். அப்பேச்சை உணர்ச்சியுடன் ஒப்புவிக்கக் கற்பித்தார்கள். அதன் உட்பொருளைச் சோதிக்கக் கற்பித்தவர் சிலரே. ஆடையிலுள்ள கிழிசல்களைக் காட்டி, இஃது இன்னார் குத்திய குத்து, இஃது இன்னார் குத்திய குத்து என்று அன்ரனி பெயர் சொல்லிக் கண்ணீர் வடிக்கின்றான். சீசர் குத்துண்டபோது அன்ரனி அவ்விடத்தில் இருந்தானல்லன். திரெபோனியஸ் அவனை முன்னரே வெளியே அழைத்துச் சென்றுவிட்டான். அப்பால் சீசரின் மரணசாதனத்தை எடுத்து, குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திராக்மா உண்டு என்று வாசிக்கின்றான். கூட்டம் கொதித்தெழுகின்றது. அடுத்த அங்கத்தின் முதற் காட்சியிலே அதே அன்ரனி, அந்த மரணசாதனத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள கொடைகளை எப்படிக் குறைக்கலாம் என்று ஆலோசிக்கின்றான்! இவ்விரண்டுக்கும் இடையில், சதிகாரன் ஒருவனுடைய பெயரைத் தன் பெயராகக் கொண்ட குற்றத்துக்காகச் சின்னா என்னும் கவிஞனைக் கூட்டம் தெருவிற் கிழித்துப் போடுகின்றது. தான் அந்தச் சின்னா அல்லன் என்று அவன் கதறிச் சொல்லியும் பயனில்லை.

உணர்ச்சிப் பேச்சு யாவும் இத்தகையதுதானா என்று கேட்டால், அல்ல என்பதற்கு எமது சிலப்பதிகாரமே சான்று. கண்ணகி பாண்டியன் அவையிற் புகுந்த கோலம் யாவரும் அறிந்ததே. விரித்த கூந்தல், புழுதி படிந்த மேனி, நிறைந்த கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு. உணர்ச்சிக்கு இதனினும் மேலாக வேறென்ன வேண்டும்? ஆனால் அவள் அழுதுவிட்டு நின்றாளல்லள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான். கோவலனிடம் பறித்த சிலம்பை அரசன் வருவித்து வைக்க, அவையோர் அனைவரும் காண உடைத்தாள். தெறித்தது மாணிக்கம். அவளுடைய கோபத்தை விரும்பாதவனுங்கூட அந்தப் பரலை மறுக்க இயலாது.

அதே காப்பியத்தில் இன்னொரு பேச்சாளனும் உளன். நாம் அவனைப் பேச்சாளனாகக் கருதுவதில்லை. அவன் பொற்கொல்லன். ஊடல் கொண்ட தேவியிடம் விரையும் அரசனை இடைவழியிற் கண்டு, கள்வன் என் மனையில் இருக்கின்றான் என்றான். விரைந்து செல்பவனிடம் ஆராயாத ஆணை பெறுதல் எளிது. காவலரோ கோவலனைப் பார்த்தமாத்திரத்தே, இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று தயங்கினர். அப்போது பொற்கொல்லன் செய்த பேச்சைக் கவனியுங்கள். கள்வர் மந்திரம் அறிவர், மருந்து அறிவர், தெய்வத்தைத் துணைக்கொள்வர், நிமித்தம் பார்ப்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினான். தொல்காப்பியர் கூறிய கள்வர் அச்சம் இதோ வந்துவிட்டது. அவன் சொன்னவற்றுள் ஒன்றேனும் கோவலனைப் பற்றியதன்று. சிலம்பு அங்கேயே இருந்தது. அதனுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்று ஒருவனும் கேளானாயினான். கல்வியறிவற்ற குடிகாரக் காவலன் ஒருவன் வாளை வீசினான்.

இருவரும் உணர்ச்சியைத் தூண்டினர். ஒருத்தி சிலம்பைத் திறந்து காட்டினாள்; மற்றவன் அதைத் திறவாமலிருக்கப் பேசினான். உணர்ச்சிப் பேச்சை மதிப்பிடுதற்கு இதனினும் தெளிவான அளவு எமக்குத் தென்படவில்லை. கண்ணகியின் கோபம் அரசவையோடு நிற்காமல் மதுரையையே எரித்தது என்பதையும் இங்கே மறைத்தலாகாது. நியாயமான கோபத்துக்கும் கரை வேண்டும். எனினும் அது தனியே ஒரு நாட் பேசவேண்டிய பொருள்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். ஒக்ஸ்போட் மாணவர் மன்றத்தில் விவாதத் திறமைக்குப் பேர்பெற்ற திரு. பண்டாரநாயக்கா அவர்கள், 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் 24 மணி நேரத்திற் சிங்களம் மாத்திரம் என்ற முழக்கத்துடன் வென்றார். 1957இல் திரு. செல்வநாயகம் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தார். அந்த முழக்கத்தால் எழுந்த கூட்டம் உடன்படிக்கைக்கு இணங்கவில்லை. 1958 ஏப்பிரலில் அதனைக் கைவிட்டார். மே மாதத்தில் தமிழர் குருதி சிந்திற்று. 1959 செப்டெம்பரில் அவரே சுடப்பட்டு இறந்தார். மூட்டியவர் அணைக்க முயன்றபோது கைக்கு அடங்கவில்லை.

பிறர் மேடையை மாத்திரம் பேசி இறங்குதல் எமக்கு அழகன்று. எமது மேடைகளிலும் ‘துரோகி’ என்னும் சொல் மலிவாக வழங்கிய காலம் உண்டு. அச்சொல்லுக்கு இலக்கான யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27ஆந் திகதி பொன்னாலை வரதராசப்பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்றவிடத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலோடு உடன்படாதோர் பலர். அவர்களுக்கு எதிர்வாதம் இல்லாமற் போகவில்லை. ஆனால் ஒருவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியபின் அவன் வாதத்தைக் கேட்கவேண்டிய கடமை எவர்க்கும் இல்லாதொழிகின்றது. அதன்பின் எத்தனை பேர் அப்பெயரால் மாண்டனர் என்பதை இந்த அவையிலுள்ள பெரியோர் எம்மிலும் நன்கறிவர்.

2018 பெப்ருவரியிலே அம்பாறையில் முஸ்லிம் உணவுச்சாலை ஒன்றில், உணவிற் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்ற கூச்சல் எழுந்தது. கைத்தொலைபேசி வழியே அது பரவிற்று. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அப்பொருள் வெறும் மாவுக்கட்டியே என்று தெரிந்தது. சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள். ஆனால் கடை உடைந்த பிறகு.

இந்தச் சங்கத்தாருக்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. எமது பேச்சுப் போட்டிகளிற் குரலுக்குப் புள்ளி உண்டு, மெய்ப்பாட்டுக்குப் புள்ளி உண்டு. பேசியவனை எவரேனும் ஒரு வினா வினவுவதற்கு இடமில்லை. மணி அடித்ததும் கைதட்டல், அடுத்தவர் வந்துவிடுவார். இவ்வாண்டு முதல் ஒவ்வொரு பேச்சின் இறுதியிலும் அவையோர் இரண்டு வினாக்கள் கேட்க இடமளித்து, விடைகளுக்கும் புள்ளி வழங்குமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம். நேரம் போதாது என்று செயலாளர் கூறக்கூடும். பேச்சின் நேரத்தில் மூன்று நிமிடத்தைக் குறைக்கலாம். அன்ரனிமாருக்குச் சற்று வருத்தமாக இருக்கும், அவ்வளவே. தலைவர் அவர்கள் அனுமதித்தால், அந்த வழக்கத்தை எம்மிடமிருந்தே இப்பொழுது தொடங்கலாம். வினாக்களுக்குக் காத்திருக்கின்றோம்.